தேறினால் தெரிவிக்க வேண்டும்

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டிகள் இருந்த தெருவில் போலீஸ்காரர் யாராவது நடந்து வந்தால், எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ராயப்பன் மட்டும் நிறுத்தமாட்டான். தலையை இன்னும் குனிந்துகொண்டு, இரண்டு பங்கு வேகத்தில் சாக்கு தைப்பான். மண்டி முதலாளிக்கு இது தெரியும். வேலை தேங்கிப்போன நாட்களில், ‘போலீசு வருதுடா’ என்று அவரே ஒரு குரல் கொடுப்பதுண்டு.

பயப்படுவதில் ராயப்பனுக்கு ஒரு நேர்மை இருந்தது. பேய்க்குப் பயந்தவன் போலீசை மதிக்கமாட்டான்; போலீசுக்குப் பயந்தவன் கடவுளை மதிக்கமாட்டான். உலக வழக்கம் அப்படி. ராயப்பன் இதில் யாரையும் விட்டுவைக்கவில்லை. இடிக்குப் பயம், ரயிலுக்குப் பயம், மாதா கோயிலில் உபதேசியார் உரக்கப் பேசினால் பயம். பெண் பார்க்கப் போன இடத்தில் நாய் குரைத்ததற்குத் திரும்பி வந்தவன், மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

முப்பத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், ஏட்டு தேவநாதன் நேராக மண்டிக்குள் வந்தார்.

“இங்க ராயப்பன்றது யாரு?”

மண்டியிலிருந்த அத்தனை விரல்களும் ஒரே பக்கம் நீண்டன.

“கெடார் மாசிலாமணி உனக்கு என்னா வேணும்?”

“அக்கா புருஷன்ங்க. ஆனா நான் ஒண்ணும் பண்ணலீங்க.”

“நீ பண்ணேன்னு யாருடா சொன்னது? உன் மாமன் ஜெயில்ல சாவக் கெடக்கறான். க்ஷயம். வூட்ல போயி சாவட்டும்னு சர்க்காரு வுடுது. ஆனா சும்மா வுடாது. சொந்தக்காரன் ஒருத்தன் போயி, நான் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டு எடுத்துக்கினு வரணும்.”

“எங்க அக்கா இருக்குதுங்களே…”

“பொம்பளை. வேலையும் கெடையாது, விலாசமும் கெடையாது. உனக்கு ரெண்டும் இருக்குது.”

தனக்கு வேலையும் விலாசமும் இருப்பதை எண்ணி ராயப்பன் வாழ்க்கையில் முதல்தடவையாக வருத்தப்பட்டான்.

மாசிலாமணி பெயருக்கு ஏற்ற மனிதர் என்றுதான் கெடாரில் எல்லாரும் சொல்வார்கள், அவரால் கை ஒடிந்த பண்ணைக் காரியஸ்தன் ஒருவனைத் தவிர. களத்து மேட்டில் அறுப்புக் கூலி நெல்லை அளந்து போடும்போது, காரியஸ்தன் மரக்காலுக்குள் கட்டை விரலை விட்டுப் பிடித்து, அந்த அளவுக்கு நெல் குறைய அளந்தான். மாசிலாமணி இரண்டு தடவை வாயால் சொன்னார். மூன்றாவது தடவை மண்வெட்டிக் காம்பால் சொன்னார். ஐந்து வருஷம் கடுங்காவல். காரியஸ்தன் கை கோணலாகக் கூடிவிட்டது. ராயப்பனின் அக்கா சவுரியம்மாளைப் பண்ணை ஆட்கள் ஊரில் இருக்கவிடவில்லை. அவள் ஒரு பானையும் ஒரு செபமாலையும் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தண்டனையில் ஒரு வருஷம் கழிந்திருந்தபோதுதான் இந்தச் செய்தி.

“போவமாட்டேன்னு சொல்லுடா பாக்கலாம்” என்றாள் சவுரியம்மாள்.

“போவமாட்டேன்னு சொல்லலக்கா. பயமா இருக்குதுன்னுதான் சொல்றேன்.”

“உனக்கு எப்பதான் பயமில்ல? பயந்துக்கினே போ.”

அவன் பயந்துகொண்டே போனான்.

ஜெயில் ஆஸ்பத்திரியில் மாசிலாமணியை அவனால் அடையாளம் காண முடியவில்லை. அவர்தான் கண்டுகொண்டார். “வா மச்சான். உன்னையா அனுப்பினாங்க? வேற ஆம்பளை கெடைக்கலயா?” என்று சொல்லிவிட்டு, அந்தக் கேலியின் செலவை நெடுநேரம் இருமித் தீர்த்தார். கழுத்து எலும்புக் குழியில் ஒரு பிடி கேப்பை கொட்டி வைக்கலாம் போலிருந்தது. ராயப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். நோய் மூச்சில்தான் வரும் என்று கேள்விப்பட்டிருந்தான். எவ்வளவு நேரம்தான் அடக்குவது?

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் கிடந்தார். அவருக்கும் இதே நோய், இதே சலுகை. கையெழுத்துப் போட ஆள்தான் இல்லை.

“தம்பி, எனக்கும் சேத்து ஒண்ணு போட்டுடுப்பா. வாசல் வரைக்கும் இட்டுக்கினு போயி வுட்டுட்டா போதும். மீதியை நான் பாத்துக்கறேன்” என்றார்.

ராயப்பன் அவரைப் பார்க்காதவன் போல மாமாவின் போர்வையை மடித்தான். சாகப்போகிறவனுக்கு இரக்கம் காட்டுவதற்குக்கூட விலாசமுள்ள ஒரு சொந்தக்காரன் தேவை என்று சர்க்கார் விதி செய்திருந்தது. கையெழுத்தில்லாத சாவு உள்ளேயே நடக்க வேண்டும்.

ஆபீசில் ஜெயிலர் ஒரு தாளை நீட்டினார். “டாக்டர் இரண்டு மாசம் என்று எழுதியிருக்கிறார். அதற்குள் முடிந்துவிடும். முடிந்தால் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். வாரம் ஒரு தடவை நிலைமையைச் சொல்ல வேண்டும்.” கொஞ்சம் நிறுத்தி, வழக்கத்துக்காகச் சொல்வதுபோல இதையும் சொன்னார்: “தேறினாலும் தெரிவிக்க வேண்டும்.”

“தேறினா, அய்யா?”

“திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். மறைத்தால் உன்னையும் சேர்த்து.”

ராயப்பன் கையெழுத்துப் போட்டான். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது. வாசலுக்கு வந்ததும் இதுவரை அடக்கிவைத்த மூச்சையெல்லாம் விட்டான். மாசிலாமணி அவன் தோள்மேல் சாய்ந்து, அவன் காதுக்குள்ளேயே இருமினார்.

திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்ததும் சவுரியம்மாள் முதலில் செய்த காரியம், சாமியாருக்கு ஆள் அனுப்பியது. வெள்ளைக்காரச் சாமியார் நன்மை என்னும் திருவப்பம் கொண்டு வந்தார். முன்னால் ஒருவன் மணி அடித்துக்கொண்டு நடக்க, தெருவே முழங்கால் போட்டது. மாசிலாமணியின் கண்ணிலும் காதிலும் கையிலும் காலிலும் எண்ணெய் தொட்டு, சாகக் கிடப்பவருக்குச் செய்கிற அவஸ்தைப் பூசுதல் நடந்தது. அந்த எண்ணெய் பட்ட பிறகு பிழைத்தவர்களை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. எண்ணெய் பூசுவதால் சாகிறார்களா, சாகப்போகிறவருக்கு மட்டும் பூசுவதால் அப்படித் தெரிகிறதா என்று யாரும் கேட்டுக்கொண்டதுமில்லை. அன்றே பக்கத்து வீட்டுக்காரர்கள் அடக்கத்துக்கு என்றைக்கு லீவு சொல்வது என்று பேச ஆரம்பித்தார்கள்.

ராயப்பன் குடிசையின் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு, மாமாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தான். மூச்சு நின்றால் பயம். நிற்காவிட்டால், அது தன் பக்கம் வருகிறதே என்று பயம்.

புரட்டாசி மழைக்கு முன்னால் ஒரு நாள் உச்சிவேளையில் மாசிலாமணி எழுந்து உட்கார்ந்தார். தொண்டையில் ஏதோ உடைந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு கக்கினார், கக்கினார், ஒரு சட்டி நிறையக் கக்கினார். நாற்றம் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. நாய்கள்கூட விலகி நின்றன. சவுரியம்மாள் அழுதுகொண்டே மெழுகுவத்தியைக் கொளுத்தி அவர் கையில் கொடுத்தாள். பெண்கள் கூடி நல்ல மரணத்துக்கான பிரார்த்தனையை ஆரம்பித்தார்கள். மாசிலாமணி மெழுகுவத்தியைப் பிடித்தபடியே தூங்கிப்போனார்.

மறுநாள் காலையில் கண் திறந்து, “கேப்பைக் கூழு இருக்குதா? கூட ஒரு துண்டு கருவாடு” என்றார்.

அந்த நிமிஷத்திலிருந்து ராயப்பனின் பழைய பயம் போய்விட்டது. இடத்தைக் காலியாக விடாமல் அதைவிடப் பெரியதாக ஒன்று வந்து உட்கார்ந்தது.

மாமா கூழ் குடித்தார். அடுத்த வாரம் களி தின்றார். ஐப்பசியில் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார்த்திகையில் குடிசைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கழுத்துக் குழி தூர்ந்துகொண்டே வந்தது. சாதாரண வீடாக இருந்தால் இதற்கெல்லாம் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இங்கே ஒவ்வொரு கவளம் உள்ளே போகும்போதும் ராயப்பனுக்கு ஜெயில் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

“மாமா, கொஞ்சம் கம்மியாத் துன்னுங்களேன்.”

“ஏன் மச்சான், மல்லாட்டை மண்டில இருந்துக்கினு கஞ்சத்தனம் பண்றியா?”

“அதுக்கில்ல மாமா. தேறிட்டா சொல்லணும்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“சொல்லேன்.”

“சொன்னா புடிச்சிக்கினு போயிடுவாங்களே.”

“அப்ப சொல்லாதே.”

“சொல்லலன்னா என்னைப் புடிச்சிக்கினு போயிடுவாங்களே!”

“ஜெயில்ல கட்டில் பக்கத்துல கட்டிலா போடச் சொல்லலாம், மச்சான். தொணைக்கு ஆச்சி” என்றார் மாசிலாமணி. சாவுக்கே பயந்து பார்த்துவிட்டதால் மற்றவற்றுக்குப் பயப்பட அவரிடம் மிச்சமில்லை. மிச்சத்தையெல்லாம் மச்சானுக்குக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

வாரா வாரம் சனிக்கிழமை ராயப்பன் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். வாசற்படி வரைக்கும் வருவதற்குள் அவனுக்கு மூன்று தடவை ஒதுங்கிவிட்டு வர வேண்டியிருக்கும். உள்ளே போகத் தைரியம் இல்லாமல் படிக்குக் கீழேயே நிற்பான். அதிசயம் என்னவென்றால், ஏட்டு தேவநாதனும் அவனை உள்ளே விட்டதில்லை. க்ஷயக்காரன் வீட்டிலிருந்து வருகிறவன் என்று மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு ஜன்னலிலிருந்தே பேசுவார்.

“அங்கயே நில்லுடா! எப்படி இருக்கான்?”

“அப்படியேதான் இருக்காருங்க.”

“இன்னுமா?”

“ஆமாங்க.”

“சரி, போ போ. ஜல்தியா போ.”

வீட்டுக்கு வந்து கண்ணால் பார்க்க வேண்டியது ஏட்டின் கடமை. அவர் வரவில்லை. போலீசுக்கு இவன் பயந்தான், நோய்க்குப் போலீஸ் பயந்தது. நடுவில் மாசிலாமணி இரண்டு வேளை களி தின்றார். இந்த ஏற்பாடு இப்படியே போயிருக்கும், புனிதர் செபஸ்தியார் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

மார்கழி கடைசியில் சவுரியம்மாள் விஷயத்தை மெதுவாக எடுத்தாள்.

“தம்பி, தை மாசம் திருநாள் வருது இல்ல? செபஸ்தியாருக்கு ஒண்ணு நேர்ந்துக்கினு இருக்கேன்.”

“மெழுகுவத்திதானே? வாங்கிக்கலாம்.”

“மெழுகுவத்தி இல்லடா. உங்க மாமா எழுந்து நடந்தா, அவரோட சப்பரத்துக்கு இவரு தோள் குடுப்பாருன்னு.”

ராயப்பன் கையிலிருந்த கலயத்தைக் கீழே வைத்தான். “யக்கா! ஒரு கோழி நேர்ந்துக்கக் கூடாதா?”

“சாவறவரைக் காப்பாத்தறதுக்கு ஒரு கோழியா? நம்மளை என்னா நெனைப்பாரு?”

“இப்ப காப்பாத்தினவரே கூட்டத்துல வெச்சிக் காட்டிக் குடுக்கப்போறாரு. ஊரே நிக்கும். போலீசு நிக்கும்.”

“நேர்ந்ததைச் செய்யலன்னா, குடுத்ததைத் திருப்பி எடுத்துக்குவாரு.”

ராயப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். சர்க்காரும் தேறினால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்கிறது; செபஸ்தியாரும் நன்றி காட்டாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார். ஒருவருக்கு மாமா நோயாளியாக இருக்க வேண்டும், இன்னொருவருக்கு மாமா பலசாலியாக இருக்க வேண்டும். இரண்டு பேரையும் ஏமாற்ற முடியாது.

அவன் சேரிக் கோயிலுக்குப் போய்ச் செபஸ்தியாரின் மரச் சுரூபத்தின் முன்னால் நின்றான். ஊர்க் கோயிலின் பெரிய தேர், கிறிஸ்தவர்களாகியும் சாதியை விடாத பெரிய தெருக்காரர்களுடையது. இவர்கள் அதன் வடத்தைத் தொடக்கூடாது. அதனால்தான் இவர்களுக்கென்று இந்தச் சின்னக் கோயில், இந்தச் சப்பரம், இந்தச் செபஸ்தியார். உடம்பெல்லாம் அம்பு தைத்து நின்றும் அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அம்புக்கே பயப்படாதவரிடம் தன் பயத்தை எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் ராயப்பன் திரும்பி வந்தான்.

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். மாசிலாமணி தலையில் துண்டால் முக்காடு போட்டுக்கொள்ள வேண்டும். சப்பரம் தூக்கும் பின்பக்கத்துக் கொம்பில், உள்பக்கமாக, நாலு பேருக்கு நடுவில் நிற்க வேண்டும். கோயில் வாசலிலிருந்து தெரு முனை வரைக்கும்தான். வாயே திறக்கக் கூடாது.

“மூச்சு வுடலாமா?” என்றார் மாசிலாமணி.

திருநாளன்று விளக்கேற்றும் நேரத்தில் சப்பரம் புறப்பட்டது. போன வருஷம் எந்த வழியாகச் சப்பரம் போவது என்று பெரிய தெருக்காரர்களோடு தகராறு வந்திருந்தது. அதனால் இந்த வருஷம் போலீஸ் பந்தோபஸ்து. சப்பரத்துக்கு முன்னால் லத்தியைப் பிடித்துக்கொண்டு ஏட்டு தேவநாதனே நடந்தார். ராயப்பன் அவரைக் கண்டதும் பின்வாங்கி, மேளக்காரர்களுக்கு இடையில் போய் நின்றுகொண்டான். மேளச் சத்தத்தில் தன் நெஞ்சு அடிப்பது யாருக்கும் கேட்காது என்ற தைரியம்.

பாதி தெரு நல்லபடியாகப் போயிற்று. முக்காட்டுக்குள் மாசிலாமணி பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே நடந்தார். முனையில் சாக்கடைப் பலகையைத் தாண்டித் திரும்பும்போது, முன்கொம்பு பிடித்திருந்தவன் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். சப்பரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. செபஸ்தியார், அம்புகளோடும் பூமாலையோடும், கூட்டத்தைக் குனிந்து பார்த்தார். பெண்கள் ‘ஐயோ சாமி’ என்று அலறினார்கள்.

“தாங்கு! தாங்குடா! தோளைக் குடு!”

அந்தக் குரல் கெடார்க் களத்து மேட்டுக் குரல். பின்கொம்பை விட்டுப் பாய்ந்து வந்த மாசிலாமணி, முன்கொம்பின் அடியில் தோளைக் கொடுத்து ஒரு தம்மில் நிமிர்ந்தார். சப்பரம் நேராயிற்று. துண்டு சாக்கடையில் கிடந்தது. கழுத்து நரம்பு புடைக்க, பல்லெல்லாம் தெரிய, அவர் சிரித்துக்கொண்டு நின்ற இடம் ஏட்டு தேவநாதனுக்கு ஒரு கை தூரம்.

ஏட்டு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்தார். தீர்ப்பன்று கோர்ட்டில் விலங்கோடு பார்த்த முகம். பிறகு கூட்டத்தில் கண்ணைச் சுழற்றினார். மேளக்காரர்கள் நடுவில் ராயப்பன் ஒளிந்திருந்தான். மேளக்காரர்கள் நகர்ந்துவிட்டதால் தனியாக ஒளிந்திருந்தான்.

“ராயப்பா. போன சனிக்கிழமை என்னா சொன்ன?”

“அப்படியேதான்… இருக்காருன்னு…”

“எப்படியே?”

ராயப்பன் ஓரடி பின்வாங்கினான். காலுக்குக் கீழே தெரு நகர்வதுபோல இருந்தது. விழாமலிருக்க எதையாவது பிடிக்கலாம் என்று பார்த்தால், எட்டிய தூரத்தில் ஏட்டின் லத்திதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டான்.

“வுடுடா அதை! என் வேலைக்கே உலை வெச்சிட்டியேடா பாவி. அப்படியே, அப்படியேன்னு நானும் மேல எழுதி அனுப்பிக்கினு இருக்கேனே!” தேவநாதன் குரலைத் தாழ்த்தினார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. “நான் ஒண்ணும் பண்ண முடியாது. விழுப்புரத்துல டாக்டரு இருக்காரு. அவரு பாக்கட்டும். தேறிட்டான்னு அவரு எழுதினா, அங்கேர்ந்தே ஜெயிலுதான். இன்னும் மூணரை வருஷம் பாக்கி இருக்குது. உனக்கு எவ்வளவுன்னு ஜட்ஜி சொல்லுவாரு.”

விழுப்புரத்துக்குப் போகிற நாள்வரைக்கும் சவுரியம்மாள் கணவனுக்குச் சோறு போடவில்லை. பட்டினி கிடந்தால் பழைய கழுத்துக் குழி திரும்ப வரும் என்று நம்பினாள். குழி வரவில்லை, கோபம்தான் வந்தது. இருமிக் காட்டச் சொன்னாள். அவர் இருமினால் கோயில் மணி மாதிரி கணீரென்று இருந்தது.

ரயிலில் தேவநாதன் பெட்டியின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டார். சப்பரத்தை ஒற்றைத் தோளில் நிமிர்த்தியதைக் கண்ணால் பார்த்த பிறகும் மூக்கிலிருந்து துண்டை எடுக்கவில்லை. நோய் போய்விட்டது என்று ரிப்போர்ட் எழுதுவது வேறு, நம்புவது வேறு. விக்கிரவாண்டி ஸ்டேஷனில் ஒருத்தி வேகவைத்த மல்லாட்டை விற்றாள். பட்டினி கிடந்த மாசிலாமணி ஒரு முறம் அளவுக்கு வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, முண்டியம்பாக்கம் வருவதற்குள் தீர்த்துவிட்டார்.

“மாமா, ஏட்டு பாக்கறாரு.”

“அவருக்கும் வேணுமான்னு கேளு.”

“மாமா, உங்களுக்கு பயமே இல்லியா?”

மாசிலாமணி உரித்த தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதினார். அடுத்ததை உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “உள்ள போனா இந்த வாட்டி திரும்பி வரமாட்டேன், மச்சான். அது எனக்குத் தெரியும். அதான் துன்றேன்” என்றார்.

தான் பயப்படும்போதெல்லாம் எதிரில் பயப்படாத ஒருவர் இருக்கிறார் என்பதுதான் இதுவரை ராயப்பனுக்கு இருந்த ஒரே பிடிப்பு. அதுவும் போயிற்று.

டாக்டர் அறை வாசலில் நின்றதும் மாசிலாமணி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு முணுமுணுத்தார்: “மச்சான், இவருதான். ஜெயில்ல எனக்கு நாள் குறிச்சவரு. மாத்தலாகி இங்க வந்திருக்காரு போல.”

மூக்குக் கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். மேஜைமேல் ஏட்டின் ரிப்போர்ட்டும் அதன் அடியில் பழைய தாள் ஒன்றும் இருந்தன. பழைய தாளில் அவருடைய கையெழுத்தே இருந்தது. மாசிலாமணியைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு நெஞ்சில் வைத்தார், முதுகில் வைத்தார், விரலால் தட்டிப் பார்த்தார். நெடுநேரம். சுவரில் பல்லி கத்தியது. தேவநாதன் வாசலிலேயே நின்றார்.

“கூட வந்தது யார்? நீயா பொறுப்பு? நீ சொல். எப்படி இருக்கிறான்?”

சொல்ல வேண்டியதை அக்கா பாடம் பண்ணி அனுப்பியிருந்தாள்: ‘ராவெல்லாம் இருமறாருங்க, ஒண்ணும் துன்றதில்லீங்க.’ ராயப்பன் வாயைத் திறந்தான். அவன் கண் அந்தக் குழாயிலேயே இருந்தது. நெஞ்சுக்குள் இருப்பதையெல்லாம் அது கேட்டுவிடுகிறதே! அடுத்தபடி அதைத் தன் நெஞ்சில் வைத்தால்? பொய் அங்கே எப்படிக் கொதித்துக்கொண்டிருக்கும்?

“தேறிட்டாருங்க” என்றான். “புரட்டாசிலேர்ந்து தேறிட்டாருங்க. நான்தான் அப்படியே இருக்காருன்னு பொய் சொல்லிக்கினு இருந்தேன். ஏட்டய்யாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஒரு நாள் சட்டி நெறையக் கக்கினாருங்க, ஒரே நாத்தம். அதோட சரியாப்போச்சிங்க. ரெண்டு வேளை களி துன்றாருங்க. சப்பரம் தூக்கினாருங்க. வர்ற வழில மல்லாட்டை துன்னாருங்க. என்னைப் புடிச்சிக்கினு போங்க, நான்தான் கையெழுத்து.”

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார். “சட்டி நிறையவா? நாற்றமா? உடைந்துகொண்டு வந்த மாதிரி?”

“ஆமாங்க.”

டாக்டர் பழைய தாளை மேலே எடுத்து வைத்துப் படித்தார். அவர் முகத்தில் ஒரு நிறம் வந்தது, போயிற்று. நெஞ்சில் சீழ்க்கட்டி இருந்தவனுக்கு க்ஷயம் என்று எழுதி, இரண்டு மாசம் கெடு வைத்து, மேல் அதிகாரிகள் ஒவ்வொருவரும் அதன்மேல் கையெழுத்துப் போட்ட தாள் அது. திடீரென்று அவர் சத்தம் போட்டார்.

“நீ டாக்டரா, நான் டாக்டரா?”

“நீங்கதாங்க.”

“இந்த வியாதி தேறும் என்று உனக்கு யார் சொன்னது?”

“யாரும்… களி துன்னாருங்க…”

“தின்னுவான். அணைகிற சமயத்தில் எல்லாரும் தின்னுவார்கள். ஏட்டு, நீ என்ன பார்த்தாய்?”

“சப்பரத்தைத் தூக்கினான்ங்க.”

“ஜுர வேகத்தில் தூக்கியிருப்பான். அதைப் போய் எழுத வந்துவிட்டாய். உள்ளே வந்து அவனைத் தொட்டுப் பார்க்கிறாயா?”

தேவநாதன் ஓரடி பின்னால் போனார். “வேணாங்க.”

டாக்டர் எழுதினார். நிலைமை கடுமை, திரும்பச் சிறையில் வைக்கத் தகுதியில்லை, பயணம் கூடாது. எழுதி, மை ஒற்றி, ஏட்டிடம் நீட்டினார். அது தன் பிழையை மூடுகிற அவசரமா, ஒரு மனிதன் மேல் வைத்த இரக்கமா என்று அவரே பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார். இரண்டுக்கும் ஒரே பேனாதான் இருந்தது.

மாசிலாமணி சட்டையைப் போட்டுக்கொள்ளும்போது, டாக்டர் மேஜையைப் பார்த்தபடியே சொன்னார்: “ஆட்டுப்பால் குடி. நாலு பேர் பார்க்கிற இடத்தில் எதையும் தோளில் தூக்காதே.”

வெளியே வந்ததும் தேவநாதன் தாளை மடித்துப் பையில் வைத்தார். அவருக்கு உயிர் திரும்பியிருந்தது. “பாத்தியாடா, நான் எழுதினதுதான் சரி. அப்படியேதான் இருக்கான்” என்றார்.

மாசிலாமணி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று ராயப்பன் குனிந்து பார்த்தான். தெரியவில்லை.

“மாமா, டாக்டரு சொன்னது நெசமா இருக்குமா? அணையற சமயத்துல துன்னுவாங்கன்னு…”

“போடா மச்சான்” என்றார் துண்டுக்குள்ளிருந்து.

ஆனால் ராயப்பனுக்கு டாக்டர் வார்த்தையில் நம்பிக்கை இருந்தது. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் கொஞ்சம் இறங்கிய இடத்தில், மாமா செத்துவிடுவார் என்ற பழைய பயம் மறுபடி குடிவந்தது. களி தின்றால் பயந்தான். தின்னாவிட்டாலும் பயந்தான். மாசிலாமணி மண்டியின் பின்கட்டில், சுவருக்கு அந்தப் பக்கம், யார் கண்ணிலும் படாமல் மூட்டை தூக்கினார். அவர் குனிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பக்கம் ராயப்பன் ஊசியை நிறுத்தி அவர் மூச்சைக் கேட்டான். ஜெர்மன் சண்டை வந்தது, சாக்கு கிடைக்காமல் போயிற்று, மண்டியில் ஆளைக் குறைத்தார்கள். இந்த இரண்டு பேரை மட்டும் முதலாளி நிறுத்தவில்லை. போலீசுக்குப் பயந்தவர்களைவிட நல்ல வேலைக்காரர் கிடைக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை மட்டும் ராயப்பனுக்குச் சுலபமாகிவிட்டது. படிக்குக் கீழே நின்று, “டாக்டரு எழுதின மாதிரியே இருக்காருங்க” என்பான். அதில் பொய் இருக்கிறதா என்று தேடினாலும் அகப்படாது. அவனுக்கே அகப்படவில்லை.

நாற்பதாம் வருஷம் ஒரு சனிக்கிழமை, தேவநாதன் ஜன்னலிலிருந்து கையை வீசினார். “இனிமே வராதேடா. உன் மாமன் தண்டனைக் காலம் முடிஞ்சிபோச்சி. செத்தாலும் பொழைச்சாலும் சர்க்காருக்கு ஒண்ணுமில்ல.”

ராயப்பன் வீட்டுக்கு ஓடிவந்தான். வாழ்க்கையில் அவன் எதற்காவது பயப்படாமல் ஓடியது அன்றைக்குத்தான். மாசிலாமணி வாசலில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார். சவுரியம்மாள் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“மாமா, காலம் முடிஞ்சிபோச்சாம். இனிமே நீங்க தேறலாம்!”

சவுரியம்மாள் கரண்டியோடு சிலுவை போட்டுக்கொண்டாள். மாசிலாமணி களியை மெதுவாக விழுங்கினார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் ஒரு தடவை பார்த்தார்.

“சரி மச்சான், தேறிட்டேன்” என்றார். “யார்கிட்ட சொல்லணும்?”

சவுரியம்மாள் சிரித்தாள். ராயப்பன் சிரிக்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மறுபடி ஸ்டேஷனை நோக்கி நடந்தான். தேறினால் தெரிவிக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவன் அவனல்லவா?